நிக்காஹுக்கு முன்னாடி கவுன்சிலிங் வரச் சொல்றாங்க, போனவங்க இருந்தா சொல்லுங்க

கம்பம்_டு_ஷார்ஜா:

அஸ்ஸலாமு அலைக்கும். ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும் செஞ்சிட்டு இருந்தவன். எழுதுறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

வயசு 29. சொந்த ஊர் கம்பம். ஷார்ஜாவுல ஏசி உதிரிபாகம் விக்கிற கம்பெனியோட குடோன்ல ஸ்டோர்கீப்பர். ஏழு வருஷம் ஆச்சு. பக்ரீத் முடிஞ்சு ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நிக்காஹ். பொண்ணு உத்தமபாளையம், கருத்த ராவுத்தர் காலேஜ்ல எம்.காம் முடிச்சிருக்கு. பெரியவங்க பாத்த சம்பந்தம்தான். போன லீவுல பொண்ணு பாக்கப் போனப்ப ஒரு அஞ்சு நிமிஷம் பேச விட்டாங்க. பக்கத்துல அவங்க நன்னி வெத்தலை இடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. "எம்.காம்ல உங்களுக்கு என்ன மெயின்?"னு கேட்டேன். எம்.காம்ல என்னங்க மெயின் இருக்கு. இன்னிக்கு நினைச்சாலும் கூசுது. அந்தப் பொண்ணு சிரிக்காம "காமர்ஸ்தாங்க"ன்னு சொன்னுச்சு. அவ்வளவுதான் நாங்க பேசினது.

போன வாரம் அதோட அண்ணன் போன் பண்ணாரு. "மாப்ள, தப்பா எடுத்துக்கக் கூடாது. தங்கச்சி ஒண்ணு கேக்குது"ன்னு ஆரம்பிச்சாரு. விஷயம் இதான். அவங்க பெரியம்மா மகள ஈராட்டுப்பேட்டையில கட்டிக் கொடுத்திருக்காங்க. அங்க மஹல்ல (பள்ளிவாசல் ஜமாஅத்துல) ரெண்டு பேரையும் ஒரு வகுப்புல உக்கார வச்சு, சர்டிபிகேட் கொடுத்த பிறகுதான் நிக்காஹ் எழுதினாங்களாம். கேரளாவுல இப்ப நிறைய மஹல்ல இப்படித்தான், கவர்மெண்ட்டோட சிறுபான்மைத் துறையே இலவசமா நடத்துதுன்னு சொன்னாரு. நம்ம பக்கம் அப்படி ஏதும் இல்லாததால மதுரையில ஒரு அம்மாகிட்ட நாங்க ரெண்டு பேரும் ஒரு நாள் போய் உக்காரணும், கூட அவர் வருவாராம்.

நான் சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அம்மாகிட்ட சொன்னேன். அதான் தப்பாப் போச்சு. "நாங்க எந்தக் கவுன்சிலிங் போயி உங்க அத்தாவோட குடும்பம் நடத்துனோம்? அந்தப் பிள்ளைக்கு ஏதும் கோளாறா, இல்ல உனக்குக் கோளாறுன்னு நினைக்கிறாங்களா?" பெரியத்தா வேற, அதெல்லாம் சர்ச்சுல கல்யாணம் பண்றவங்க வழக்கம்னுட்டார். அத்தா எப்பவும் போல பேப்பரப் புரட்டிக்கிட்டு இருந்தாங்களாம்.

நான் கேக்குறது என்னன்னா, அங்க போனா என்ன கேப்பாங்க? நிக்காஹ் ஆகாம பொண்ணோட உக்காந்து இதெல்லாம் பேசலாமா? அப்புறம், எல்லாத்தையும் சொல்லணுமா? ஒரு விஷயம் இருக்கு. கெட்ட பழக்கம் எல்லாம் இல்ல. பண விஷயம். வீட்டுலயே யாருக்கும் முழுசாத் தெரியாது.

(வரதட்சணை எதுவும் கிடையாது. நாங்க கேக்கல. அவங்களா 30 பவுன் போடுறாங்க. மஹர், அதாவது நான் பொண்ணுக்குக் கொடுக்கறது, 3 பவுன் பேசியிருக்கு.)

—

மண்ணடிவாசி:

எம்.காம்ல என்ன மெயின்... டீ கொட்டிருச்சு தலைவரே.

போங்க. அந்தப் பொண்ணு உங்களவிட விவரம்.

—

பழைய_பாய்:

எல்லாரும் போ போன்னுதான் சொல்வாங்க, நான் எதிர்ப்பக்கம் சொல்றேன். இது இப்ப ஒரு வியாபாரம். என் மச்சினனுக்கு நிக்காஹ் பேசினப்ப ஆன்லைன்ல ஒருத்தர் ஆறு வாரப் பேக்கேஜ் வித்தாரு. கோட்டு சூட்டு, பின்னாடி புத்தக அலமாரி. 4,500 ரூபாய். வாரத்துக்கு ஒரு வீடியோ, ஒரு பி.டி.எஃப். "உங்கள் துணையின் அன்பு மொழி எது?"ன்னு 20 கேள்வி, டிக் அடிக்கணும். கடைசியில தங்கக்கலர் பார்டர் போட்ட சர்டிபிகேட். அந்த சர்டிபிகேட் இன்னும் பீரோவுலதான் இருக்கு. மச்சினன் பொண்டாட்டி எட்டு மாசமா தாய் வீட்டுல இருக்கு. மாமியா வீட்டுல பாத்ரூம் வெளிய இருக்குங்கறத யாரும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லல. அந்த 20 கேள்வியில அது இல்ல.

போறதா இருந்தா நேர்ல பாக்குற ஆளாப் பாத்துப் போங்க.

—

கோவை_டீச்சர்:

வ அலைக்கும் ஸலாம் தம்பி.

பழைய பாய் சொன்ன பாத்ரூம் விஷயத்தை நான் எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த முறை கேட்பேன்.

நான் 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்பது வருஷமாக எங்கள் ஜமாஅத்தில் நிக்காஹ் பேசி முடித்த பிள்ளைகளை நானும் எங்கள் ஹஜ்ரத்தும் (பள்ளிவாசல் இமாம்) ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைக்கிறோம். மதரஸா மாடியில் ஒரு அறை. மாப்பிள்ளை, பெண், பெண்ணின் வாப்பாவோ அண்ணனோ. மாமியார்களுக்கு அனுமதி கிடையாது, அவர்களுக்குக் கீழே டீயும் பஜ்ஜியும். முதலில் ஹஜ்ரத் ஒரு மணி நேரம் மஹர், நஃபகா (மனைவிக்கான செலவு), குளிப்பு, தலாக், இத்தா (மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்கும் காலம்) எல்லாம் சொல்வார். தலாக்கை நிக்காஹுக்கு முன்னாடியே பேசலாமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது முகம் சுளிப்பார்கள். தீ அணைக்கிற சிலிண்டரை நெருப்புப் பிடித்த பிறகா வாங்குவோம் என்பார் அவர். அதற்குப் பிறகு என் முறை.

நான் அறிவுரை சொல்வதில்லை. ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில். பேனா கொடுத்தால் பயந்து அழகாக எழுதுகிறார்கள், அதனால்தான் பென்சில். ஒரே ஒரு கேள்வி: "நிக்காஹ் முடிந்து 400 நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள், பக்கத்தில் யார் இருப்பார்கள், அன்றைய வீட்டுச் செலவுக்கான பணம் யார் கையில் இருக்கும்?" ஏன் 400 என்று கேட்பார்கள். முதல் வருஷம் விருந்திலேயே போய்விடும், அதனால்தான்.

ஒரு ஜோடி இரண்டு பேருமே "தம்மாம்" (சவூதி நகரம்) என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரே சந்தோஷம், பாருங்கள் டீச்சர் ஒன்றாக எழுதியிருக்கிறோம் என்று. இரண்டாவது வரியைப் படிக்கச் சொன்னேன். பெண் எழுதியது: "அவரோட." பையன் எழுதியது: "ரூம்மேட்ஸோட." மூன்றாவது வரியில் பெண் "என் கையில்" என்றும், பையன் "அம்மா கையில்" என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் தப்பானவர்கள் இல்லை. இரண்டு வீட்டிலும் "மாப்பிள்ளை தம்மாம்ல இருக்கார்" என்ற ஒரே வாக்கியத்தைத்தான் பேசியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் அதற்கு மகள் வெளிநாடு போகிறாள் என்று அர்த்தம், இன்னொரு வீட்டில் மருமகள் துணைக்கு வருகிறாள் என்று அர்த்தம்.

அடுத்தது நீங்கள் கேட்ட பண விஷயம். சொல்லுங்கள். கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் ஜமாஅத்துக்கு வந்த சச்சரவுகளில் நான் உட்கார்ந்து கேட்டவற்றில் முக்கால்வாசி மாமியார் சண்டை என்றுதான் ஆரம்பிக்கும். நோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு அடகுச் சீட்டு இருக்கும். ஒரு பெண், சட்டையைத் துவைக்க எடுத்தபோது பாக்கெட்டில் அந்தச் சீட்டைப் பார்த்திருக்கிறாள். அவளுடைய ஆரம். "மூணு மாசத்துல மீட்டுருவேன்னுதான் சொல்லல" என்றான் பையன். நகை போனதற்குக்கூட அவள் அழவில்லை. நடுவில் ஒரு கல்யாணத்துக்கு அந்த ஆரத்தை ஏன் போடவில்லை என்று மாமியார் கேட்டபோது, "கழுத்துல அரிக்குது" என்று அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து இவளே பொய் சொல்லியிருக்கிறாள். பீரோவில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு. அதற்குத்தான் அழுதாள்.

பெண்ணின் நகை பெண்ணுடையது. அவள் மனசார எடுத்துக் கொடுத்தால் அது கடன், அல்லது அன்பளிப்பு. எது என்று அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

"நாங்க கேக்கல, அவங்களா போடுறாங்க" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, அந்த அடைப்புக்குறியை நான் ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1961ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டம் முஸ்லிம்களின் மஹரை வரதட்சணையில் சேர்க்கவில்லை, அது நீங்கள் கொடுப்பது. அவர்கள் போடும் 30 பவுன் எங்கிருந்து வருகிறது என்று எப்போதாவது கேட்டீர்களா? கேட்காமல் இருப்பதும் ஒரு வகையில் கேட்பதுதான்.

இன்னொன்று. நான் பெண்ணைத் தனியாக இருபது நிமிஷம் பார்ப்பேன். "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கத்தான். நிக்காஹ் அன்று வக்கீலும் (பெண்ணிடம் சம்மதம் கேட்டு அவள் சார்பில் சொல்பவர்) இரண்டு சாட்சிகளும் வந்து கேட்பார்கள், தெரியும். அப்போது அந்த அறையில் நாற்பது பெண்கள், வெளியே பிரியாணி தம்மில் இருக்கிறது. அந்த நேரத்தில் எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்? ஒன்பது வருஷத்தில் இரண்டு பிள்ளைகள் என்னிடம் இல்லை என்று சொன்னார்கள். ஒரு நிக்காஹ் நின்றது. மற்றொன்று நிற்கவில்லை, அதை இங்கே எழுத எனக்கு மனசு இல்லை.

நான் மனநல மருத்துவர் இல்லை. பையனோ பெண்ணோ மாத்திரை சாப்பிடுகிறார்கள், பழைய வலி ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். நீங்கள் பார்க்கப்போகும் மதுரை அம்மாவிடமும் அவர் என்ன படித்தவர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்காதவர்தான் சரியான ஆள்.

—

நாசி_கண்டார்_நாகூரான்:

பினாங்குலருந்து எழுதுறேன். தம்பி, இங்க மலேசியாவுல இது கட்டாயம். கல்யாணத்துக்கு முந்திய குர்சுஸ் (பயிற்சி வகுப்பு) முடிச்ச சர்டிபிகேட் இல்லாம நிக்காஹ் மனுவையே வாங்க மாட்டாங்க. ஹெச்.ஐ.வி. டெஸ்ட் ரிப்போர்ட்டும் வைக்கணும். உங்க பெரியத்தா சொன்ன மாதிரி சர்ச் வழக்கம் எல்லாம் இல்ல, மார்க்கத் துறையே நடத்துறது.

ஆனா உண்மையச் சொல்லணும். நான் போன வகுப்புல ஒரு மண்டபத்துல நூறு பேருக்கு மேல. ரெண்டு நாள். மைக்ல ஒரு உஸ்தாஸ் ஜோக் அடிச்சாரு. மத்தியானம் சோறு சாப்பிட்டதும் பாதிப் பேரு தூங்கிட்டோம். எனக்குக் கட்டிக்கப்போற பொண்ணு எந்த வரிசையில உக்காந்திருக்குன்னே தெரியாது. டீச்சர் சொல்ற மாதிரி பென்சில் பேப்பர் எல்லாம் இல்ல.

எனக்கு உறைச்சது ஒண்ணே ஒண்ணு. தஃலீக். நிக்காஹ் முடிஞ்ச உடனே மாப்பிள்ளை எல்லார் முன்னாடியும் சத்தமா ஒரு உறுதிமொழி வாசிச்சுக் கையெழுத்துப் போடணும். நாலு மாசம் அல்லது அதுக்கு மேல பொண்டாட்டிய விட்டுட்டுப் போனாலோ, செலவுக்குக் கொடுக்காம இருந்தாலோ, உடம்புக்குக் கெடுதல் பண்ணினாலோ அவ ஷரீஆ கோர்ட்ல போய்ச் சொல்லலாம், நிரூபணம் ஆச்சுன்னா ஒரு தலாக் விழும். வகுப்புல அத வரி வரியா விளக்கினாங்க. அன்னிக்குத்தான் தூக்கம் கலைஞ்சது.

எங்க அத்தாவோட அத்தா ராம்நாடு பக்கத்துலருந்து கப்பல் ஏறி வந்தவரு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவ ஊருக்குப் போவாரு. எங்க பாட்டியோட வாழ்ந்த நாளெல்லாம் கூட்டினா எவ்வளவு வரும்னு அந்த மண்டபத்துல உக்காந்து கணக்குப் போட்டேன். ஷார்ஜா தம்பியும் போட்டுப் பாருங்க.

—

தம்மாம்_தாரிக்:

டீச்சர் சொன்ன தம்மாம் பையன் நான் இல்ல, முன்னாடியே சொல்லிடுறேன்.

ஒரு சின்ன விஷயம். ரெண்டு பேரும் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கங்க. சொந்தத்துல கட்டுறதா இருந்தா கண்டிப்பா. இங்க சவூதிக்காரங்களுக்கு 2004லருந்து சிக்கிள் செல், தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோய்களுக்கு டெஸ்ட் இல்லாம நிக்காஹ் எழுத மாட்டாங்க. ரெண்டு பேருமே தலசீமியா கேரியர்னா (நோய் இல்லாம, அதோட மரபணு மட்டும் இருக்கறவங்க) ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு நோயோட பிறக்க. கேரியருக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, நல்லா ஆரோக்கியமா இருப்பாங்க. நான் மாமா பொண்ணக் கட்டினவன். எங்களுக்கு யாரும் சொல்லல. அவ்வளவுதான் எழுத முடியும்.

—

ஊர்ப்பள்ளி_இமாம்:

வ அலைக்கும் ஸலாம் வரஹ்மத்துல்லாஹ்.

நிக்காஹுக்கு முன் பேசலாமா என்று தம்பி கேட்டதற்கு மட்டும் பதில். தனித்து இருப்பதுதான் கூடாது. பெண்ணின் அண்ணனோ தகப்பனோ உடன் இருக்க, தேவையான விஷயத்தைப் பேசுவதில் தடை இல்லை. சொல்லப்போனால் ஆலோசனை கேட்டு நிக்காஹ் முடிப்பது புதிய வழக்கமே அல்ல. ஃபாத்திமா பின்த் கைஸ் என்ற ஸஹாபிப் பெண்மணியை (நபித்தோழியை) முஆவியா, அபூ ஜஹ்ம் இருவரும் பெண் கேட்டார்கள். அவர் நபி (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டார். "அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கம்பைக் கீழே வைக்காதவர், முஆவியாவிடம் பொருள் இல்லை, உஸாமாவை மணந்துகொள்" என்று சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. கவனியுங்கள். ஒருவரின் கோபமும் இன்னொருவரின் கைவறுமையும் நபி (ஸல்) அவர்கள் வாயாலேயே சொல்லப்பட்டன. அது புறம் பேசுவது ஆகவில்லை. நம் ஊரில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தால் "தங்கமான பையன்" என்று சொல்லி அனுப்புவதுதான் நன்மை என்று நினைக்கிறோம்.

பெண் ஏதேனும் நிபந்தனை வைத்தால், படிக்க வேண்டும், இத்தனை மாதத்துக்கு மேல் பிரிந்திருக்கக் கூடாது என்பது போல, அதை நிக்காஹ் தஃப்தரிலேயே (பதிவேட்டிலேயே) எழுதச் சொல்லுங்கள். நிறைவேற்றப்பட வேண்டிய நிபந்தனைகளில் முதல் உரிமை நிக்காஹின் நிபந்தனைகளுக்கே என்று புகாரியில் ஹதீஸ் உள்ளது. எங்கள் பள்ளி தஃப்தரில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது. பதினான்கு வருஷத்தில் நான் அதில் எழுதியது மூன்று முறை.

மஹரை ரொக்கமாகவா, தவணையாகவா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற மஹரை, கணவருக்குக் கபன் துணி இட்ட பிறகுதான் மன்னிக்கச் சொல்லி மனைவியிடம் பலர் கேட்கிறார்கள்.

பள்ளி தஃப்தரோடு நிற்காமல் சார்பதிவாளர் அலுவலகத்திலும் 90 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி எல்லா மதத்தாருக்கும் அது கட்டாயம். நாளை குடும்ப விசாவுக்கும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

—

கம்பம்_டு_ஷார்ஜா:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். டீச்சரக்கா, அடைப்புக்குறி பத்தி நீங்க எழுதினத மூணு தடவ படிச்சேன்.

பண விஷயத்த இங்கயே சொல்லிப் பழகிக்கிறேன். தங்கச்சி கல்யாணத்துக்கு இங்க பேங்க்ல லோன் எடுத்தேன். மாசம் 950 திர்ஹம் போகுது, இன்னும் 24 மாசம் பாக்கி. வீட்டுக்கு "சேத்து வச்ச காசு"ன்னு சொல்லித்தான் அனுப்பினேன். சம்பளம் 3,400. குடும்ப விசாவுக்கு 4,000 திர்ஹம் சம்பளம் வேணும், இல்லாட்டி 3,000மும் தங்குற இடமும். கம்பெனி எனக்குக் கொடுத்திருக்கறது ஆறு பேர் ரூம்ல ஒரு கட்டில். ஆனா பொண்ணு வீட்டுல "மாப்ள கம்பெனி அக்காமடேஷன்"னு பெருமையாச் சொல்லிட்டு இருக்காங்களாம்.

மதுரை அம்மாவுக்குப் போன் பண்ணி என்ன படிச்சிருக்காங்கன்னு கேட்டேன். கை நடுங்குச்சு. அவங்க சாதாரணமா சொன்னாங்க, உளவியல்ல முதுகலை, ஆஸ்பத்திரியில பன்னெண்டு வருஷம். போறேன்.

—

கம்பம்_டு_ஷார்ஜா (ஐந்து வாரம் கழித்து):

போயிட்டு வந்தாச்சு. எழுதுறேன்னு சொன்னதால எழுதுறேன். நிக்காஹுக்கு இன்னும் 12 நாள்.

கம்பத்துலருந்து நான் தனியா பஸ்ல போனேன். அவங்க அண்ணன் தங்கச்சியோட கார்ல வந்திருந்தாரு. ஒரு க்ளினிக் பின்னாடி சின்ன ரூம். கதவத் தொறந்தே வச்சிட்டு அண்ணன் வெளிய நாற்காலியில உக்காந்தாரு, உள்ள தெரியுற மாதிரி, கேக்காத மாதிரி. பாவம், ரெண்டு மணி நேரம் ஒரே பழைய வார இதழ வச்சிட்டு இருந்தாரு.

ஆரம்பத்துல அந்த அம்மா வேற என்னென்னவோ கேட்டாங்க. கோபம் வந்தா என்ன செய்வீங்க, வீட்டுல யாரு முடிவெடுப்பாங்க, குழந்தை எப்பன்னு யோசிச்சிருக்கீங்க, இப்படி. நான் எல்லாத்துக்கும் "அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன்"னு சொல்லிட்டு இருந்தேன். நாலாவது தடவ அந்த அம்மா, "எதை?"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல.

அப்புறம் நானே டீச்சரக்காவோட 400 நாள் கேள்வியச் சொன்னேன். அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. பென்சில் இல்ல, பேனாதான் இருந்துச்சு. நான் எழுதினது: "ஷார்ஜா. குடோன். கூட வேலை பாக்குற ரெண்டு பேர். வீட்டுச் செலவு அத்தா கையில." அது எழுதினது: "உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு. பி.எட் ரெண்டாவது வருஷம். கூட யாரும் இல்ல. பஸ் காசு என் கையில."

அந்த அம்மா ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. ஒண்ணும் சொல்லல. என் பேப்பர்ல அது இல்ல. அது பேப்பர்ல நான் இல்ல.

அதுக்கு மேல மறைச்சு என்ன ஆகப்போகுதுன்னு லோனைச் சொல்லிட்டேன். ஆறு பேர் கட்டிலையும் சொன்னேன். அது என்னப் பாக்கவே இல்ல, பேப்பரத் திருப்பிப் போட்டு, "மாசம் எவ்வளவு, எத்தனை மாசம், வீட்டுக்கு எவ்வளவு அனுப்புறீங்க, சாப்பாட்டுக்கு எவ்வளவு"ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதுச்சு. கோடு போட்டு ரெண்டு பத்தியா. கடைசியில "லீவு எப்படி?"ன்னுச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ டிக்கெட், 60 நாள்னு சொன்னேன். "அப்ப பத்து வருஷத்துல 300 நாள். ஒரு வருஷம் கூட வரல." சொல்லிட்டு அந்த 300ஐச் சுத்தி ஒரு வட்டம் போட்டுச்சு. அப்புறம்தான் நிமிந்து பாத்துச்சு. "நீங்க கேட்டீங்கள்ல எம்.காம்ல என்ன மெயின்னு. இதான்."

நான் சிரிக்கறதா என்னன்னு தெரியாம உக்காந்திருந்தேன். அந்த அம்மா சிரிச்சிட்டாங்க.

முடிவு பண்ணினது இவ்வளவு. லோன் முடியுற வரைக்கும் அது ஊர்ல பி.எட் படிக்கும், எங்க வீட்டுலருந்து. பீஸ் நான் கட்டுறேன். வருஷத்துக்கு ஒரு தடவ என் காசுல டிக்கெட் போட்டு 30 நாளாவது வரணும். ரெண்டு வருஷம் கழிச்சு விசாவா, இல்ல நான் ஊருக்கே வர்றதான்னு மறுபடி உக்காந்து பேசணும். இதுல படிப்பையும் லீவையும் தஃப்தர்ல எழுதிக்கலாமான்னு கேட்டுச்சு. சரின்னேன். எங்க ஹஜ்ரத்கிட்ட கேட்டதுக்கு, "அந்தக் கட்டத்துல இதுவரைக்கும் மைக் செட் பாக்கிதான் எழுதியிருக்கோம்"னு சிரிச்சிட்டு சம்மதிச்சாரு.

ரத்தம் ரெண்டு பேரும் கொடுத்தோம். அதுக்கு நார்மல். நான் தலசீமியா கேரியராம். ஒருத்தர் மட்டும்னா பிரச்சினை இல்லன்னு டாக்டர் சொன்னாங்க. தாரிக் பாய், நீங்க எழுதலன்னா நான் பாத்திருக்கவே மாட்டேன். தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் இப்ப டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன்.

இப்ப அந்த அடைப்புக்குறி. கிளம்புறப்ப நானே அண்ணன்கிட்ட, 30 பவுன் எங்கிருந்துன்னு கேட்டேன். அவரு தங்கச்சியப் பாத்தாரு. அது தரையப் பாத்துச்சு. அவங்க அத்தா தென்னந்தோப்ப ஒத்திக்கு விட்டிருக்காராம். என் லோன் எனக்கு மட்டும்தான் தெரியும்னு நான் வெந்துக்கிட்டு இருந்தேன், அவங்க தோப்பு அவங்க வீட்டுக்கு மட்டும் தெரியும்னு அவங்க இருந்திருக்காங்க.

வீட்டுக்கு வந்து அத்தாகிட்ட ரெண்டையும் சொன்னேன், தோப்பையும் லோனையும். அம்மாவும் அங்கதான் இருந்தாங்க. அத்தா பேப்பர மடிச்சு வச்சாங்க. எனக்குத் தெரிஞ்சு பாதியில அவங்க பேப்பர மடிச்சு வச்சது இதான் முதல் தடவை. மறுநாள் காலையில சட்டைய மாட்டிக்கிட்டு யாருகிட்டயும் சொல்லாம உத்தமபாளையம் பஸ் ஏறிட்டாங்க. சாயங்காலம் வந்து, "பிள்ளைக்கு இருக்கிற நகை போதும், தோப்பத் திருப்பச் சொல்லிட்டு வந்துட்டேன்"னாங்க. அம்மா இன்னும் எங்க ரெண்டு பேர்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசல. லோன் விஷயத்துக்கா, நகை விஷயத்துக்கான்னு தெரியல. தங்கச்சி ரெண்டுக்கும்தான்னு சொல்லுது.

டீச்சரக்கா, 400 நாள் கழிச்சு என்ன கிழமைன்னு எண்ணிப் பாத்தேன். திங்கக்கிழமை வருது. டியூட்டி நாள். அந்த வாரத்துக்கு இப்பவே லீவு கேட்டு மேனேஜருக்கு மெயில் போட்டிருக்கேன். தேதி தப்பா இருக்கு, அடுத்த வருஷம்னு விழுந்திருக்குன்னு பதில் வந்திருக்கு.